அத்தான் கட்டிய ஹெலிகாப்டர்

ஹெலிகாப்டரின் இறகு எந்தப் பக்கம் சுற்றும் என்று யாராவது கேட்டிருந்தால், எந்தப் பக்கம் சுற்றினால் என்ன என்றுதான் சொல்லியிருப்பேன். அத்தான் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அத்தான் என் அக்காளின் கணவர். பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போய், ஹெலிகாப்டர் பழுது பார்க்கப் படித்து, பின்பு அதிலேயே கூடப் பறக்கிற பொறுப்புக்கு உயர்ந்து, நாற்பது ஆவதற்குள் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். வந்ததும் விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை கிடைத்தது. வாரம் முழுக்க அங்கே ஓர் அறையில் தங்குவார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி பாளையங்கோட்டைக்கு வருவார். அக்காளும் மகளும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். எஞ்சின் சத்தத்திலேயே காலம் போனதால் அவருக்கு இடது காது மந்தம். பேசினால் கொஞ்சம் உரக்கப் பேசுவார், ஆனால் அதிகம் பேச மாட்டார்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் பின்பாதி. மாடியில் நீளமான ஓர் அறை, தரையில் பச்சைக் கம்பளம், கதவில் 'காலணியைக் கழற்றிவிட்டு வரவும்' என்று ஒரு பலகை. பிள்ளைகளுக்கு ஆறு பழைய மெஷின்கள். ஆசிரியருக்கு ஒரு புதிய பென்டியம். முதலாளி அண்ணாச்சி நல்லவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியை என்னிடமே விட்டுவிடுவார். காலை ஆராதனை முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவேன். ஏ.சி.யின் குளிருக்காகவும் போவேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றுடன் வந்த சி.டி.யில் ஃபிளைட் சிமுலேட்டர் இருந்தது. கம்ப்யூட்டர் திரையை விமானத்தின் கண்ணாடியாக்கி, கீபோர்டை வைத்து ஓட்டிப் பழகுவது. அதில் ஒரு சின்ன ஹெலிகாப்டரும் உண்டு. நான் அதை மேலே ஏற்றுவதும் தரையில் மோதுவதுமாக இருந்தேன். அத்தான் தன் பென்ஷன் மனு ஒன்றை டைப் அடிக்க வந்தவர், மனுவை மேஜையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"மாப்ளே, இது ஏன் எதிர்ப்பக்கம் சுத்துது?"

"எது அத்தான்?"

"இறகு. எங்களுது மேல இருந்து பாத்தா கடிகார முள்ளு மாதிரி சுத்தும். இது திருப்பிச் சுத்துது."

"இது அமெரிக்காக்காரன் ஹெலிகாப்டர்."

"நாங்க வச்சிருந்தது ரஷ்யாக்காரன் செஞ்சது" என்றார். நான் இன்னும் இரண்டு முறை மோதும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "அதை இதுக்குள்ள ஏத்த முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்றேன். எனக்கு அன்று இருந்த அறிவுக்கு எல்லாமே முடியும். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின.

அதே சி.டி.யில் மாடல் செய்யும் இலவச மென்பொருள் ஒன்றும் இருந்தது. எந்தப் பொருளையும் தட்டையான சின்னச் சின்ன முக்கோணங்களையும் சதுரங்களையும் ஒட்டித்தான் செய்ய வேண்டும். அதிகம் ஒட்டினால் படம் வழவழப்பாக இருக்கும், மெஷின் திணறும். குறைத்தால் ஹெலிகாப்டர் தீப்பெட்டிபோல் இருக்கும். முதல் மாதம் நான் செய்தது தீப்பெட்டிதான். அத்தான் அதைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரும்போது பிரிண்டர் காகிதத்தின் பின்பக்கம் முழுக்கப் படம் வரைந்து கொண்டுவந்திருந்தார். ஹெலிகாப்டரின் உடம்பை மூக்கிலிருந்து வால்வரை வாழைத்தண்டுபோல் துண்டு துண்டாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் எப்படி இருக்கும் என்று, அளவோடு. எந்தப் புத்தகத்தையும் பார்த்து வரைந்ததல்ல. பன்னிரண்டு வருடம் கையால் தடவித் துடைத்த உடம்பு அது.

"இத்தனையும் எப்படி ஞாபகம் இருக்கு அத்தான்?"

"ஞாபகம் வச்சுக்கணும்னு வச்சுக்கல. போக மாட்டேங்குது."

நான் ஒரு பத்திரிகைப் படத்தைப் பார்த்து வால் விசிறியை இடப்பக்கம் வைத்திருந்தேன். அதை வலப்பக்கம் மாற்றச் சொன்னார். படத்தில் இடப்பக்கம் இருக்கிறதே என்றதற்கு, "அது அடுத்து வந்த புதுசு. எங்களுது பழசு" என்றார். எஞ்சின் நிற்கும்போது ஐந்து இறகுகளும் விறைப்பாக நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது, நுனி தொங்க வேண்டும் என்றார். சுற்ற ஆரம்பித்ததும் அவை நிமிர வேண்டும். இதற்காக நிற்கிற இறகுக்கு ஒரு வடிவமும் சுற்றுகிற இறகுக்கு ஒரு வடிவமும் தனித்தனியாகச் செய்தேன். விமானி அறையின் மூலையில் ஒரு குட்டி மின்விசிறி உண்டு, ரப்பர் இறகு வைத்தது. அதுவும் வேண்டும் என்றார். அதை வைத்த அன்று மெஷின் நின்றே போனது. வேறு எங்கிருந்தாவது முக்கோணங்களைக் குறைத்துக்கொள்ளச் சொன்னாரே தவிர விசிறியை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் சொல்லவும் மாட்டார். கருவிப் பலகையின் வலது மேல்பக்கம் ஒரு சதுரத்தை வெறுமையாக விடச் சொன்னார்.

"அதுல என்ன இருக்கும் அத்தான்?"

"அதுல ஒண்ணும் இருக்காது."

பட்டாளத்து ரகசியம் போலிருக்கிறது என்று நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கடைசிவரை அந்தச் சதுரம் சாம்பல் நிறத்திலேயே இருந்தது.

நிறத்துக்காகப் பட்ட பாடு தனி. விமானி அறையின் உட்சுவர் ஒருவகை நீலப்பச்சை. என் திரையில் மொத்தமே இருநூற்று ஐம்பத்தாறு நிறங்கள்தான். ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தார். ஒருநாள் சாயங்காலம் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவில் மேட்சிங் பிளவுஸ் துணி விற்கும் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் இருபது முப்பது பச்சைகளை விரித்துப் போட்டார்.

"எந்தச் சேலைக்கு அண்ணாச்சி பாக்குதிய?"

"சேலைக்கு இல்ல. ஹெலிகாப்டருக்கு."

கடைக்காரர் சிரிக்கவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டு, "அப்ப இது சரியா வரும்" என்று மேல்தட்டிலிருந்து இன்னொரு கட்டை இறக்கினார். அதில் மூன்றாவது துணி அத்தானுடையது. அதைத் திரைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு நிறத்தைக் கலந்தேன். வேலை முடிந்ததும் அக்காள் அதில் பிளவுஸ் தைத்துக்கொண்டாள். அதற்குப் பொருத்தமான சேலை அவளிடம் இல்லாததால் ஒரு சேலையும் வாங்க நேர்ந்தது.

சத்தத்துக்கு மாவு மில்லுக்குப் போனோம். எஞ்சின் முடுக்கம் எடுக்கும்போது மெல்லிசாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் ஒரு கூவல் வேண்டும் என்றார். எங்கள் தெருக்கோடியில் இருந்த மில்லில் மோட்டாரைப் போட்டதும் அத்தான் நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான். இப்படித்தான் பைய ஏறும்" என்றார். நான் டேப் ரெக்கார்டரை மாவுக்குத் தப்ப ஒரு துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். மிளகாய் அரைக்க வந்த பெண்கள் எங்களை ஏதோ சர்வே எடுக்க வந்தவர்கள் என்று நினைத்து வழிவிட்டு நின்றார்கள்.

இப்படி ஒருவழியாக ஹெலிகாப்டர் பறந்தது. அமெரிக்க நகரம் ஒன்றின் மேல் அதை ஒரு சுற்று சுற்றினோம். அத்தானுக்கு அதில் திருப்தி இல்லை. "நம்ம ஊரு இதுல கிடையாதா?" என்றார். நம் ஊர் இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்ப் பார்த்தால் ஒரே பச்சை. ஆறு இல்லை, மலை இல்லை, திருநெல்வேலியே இல்லை. அந்த மென்பொருளைச் செய்தவர்களைப் பொறுத்தவரை நாங்கள் எல்லோரும் ஒரு புல்வெளியில் இருந்தோம்.

அதையும் வரைந்தோம். பள்ளிக்கூடத்து மாவட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு, பாபநாசத்திலிருந்து கடல்வரை தாமிரபரணியை நீலக்கோடாக இழுத்தேன். மேற்கே மலைக்கு ஐந்தாறு கூம்புகள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு ஒரு வெள்ளைக் கோடு. திருச்செந்தூர்க் கோபுரத்துக்குக் கடலோரத்தில் ஒரு மஞ்சள் பெட்டி. ஊர்களுக்கு இடையே வாழைத் தோட்டத்துக்குக் கரும்பச்சை. அத்தான் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஆற்றின் மேலேயே கிழக்கே பறந்து போனார். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து ஓர் இடத்தில் வட்டமடித்தார்.

"மாப்ளே, இங்கன ஒரு கட்டடம் வை. மொட்டைமாடி. ஆத்துக்கு வடபக்கம்."

"உங்க ஊரு பள்ளிக்கூடமா?"

"ஆமா. சுத்தியுள்ள பச்சையெல்லாம் எடுத்துட்டு மண்ணு நிறம் போடு."

"எதுக்கு அத்தான்?"

"தண்ணி."

போட்டேன். அடுத்த ஞாயிறு அக்காள் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். தூக்குச்சட்டியை மேஜையில் வைத்தவள், திரையில் செம்மண் நிறத் தண்ணீருக்கு நடுவே நின்ற கட்டடத்தைப் பார்த்து உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஏலே, இது நாங்க வெள்ளத்துக்கு ஏறி நின்ன மாடில்லா?"

அதற்கு ஆறு வருடம் முன்னால் ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது அக்காள் கைக்குழந்தையோடு தன் மாமனார் வீட்டில் இருந்தாள். ஊரே பள்ளிக்கூடத்து மாடியில் ஏறி இரண்டு நாள் இருந்தது. அத்தான் அப்போது பட்டாளத்தில். அந்தக் கதையை அக்காள் கல்யாண வீடு, காதுகுத்து வீடு என்று எல்லா இடத்திலும் சொல்வாள். நன்றாகச் சொல்வாள். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு ஹெலிகாப்டர் வந்ததையும், எல்லோரும் துண்டை வீசிக் கூப்பிட்டதையும், அது தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு வேடிக்கை பார்த்துவிட்டு ஒரு ரொட்டிப் பொட்டலத்தைக்கூடப் போடாமல் திருச்செந்தூர்ப் பக்கம் போனதையும் சொல்லும்போது கேட்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அன்றும் தொடங்கினாள்.

"இந்தா, இங்கனதான் அந்தக் களவாணிப்பய வந்து ஒரு சுத்து சுத்திட்டு…"

"அது நாந்தான்" என்றார் அத்தான்.

அக்காள் புரியாமல் பார்த்தாள். அத்தான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த ஹெலிகாப்டர்ல நாந்தான் கதவுகிட்ட இருந்தேன். பொட்டலம் தள்ளுத வேலை எனக்கு. கீழ பாத்ததும் நம்ம பள்ளிக்கூடம்னு தெரிஞ்சுபோச்சு. ஓட்டுதவர் கேட்டாரு, கீழ எப்படி இருக்காங்க, போடணுமான்னு. இருந்தது கடைசி லோடு. கிழக்கே ஒரு ஊருல மூணு நாளா ஒண்ணும் போகலன்னு சொல்லியிருந்தாவ. நான் பாத்தேன். மாடி காஞ்சு இருந்தது. ஒரு மூலையில அடுப்புப் புகை தெரிஞ்சுது. இவங்க நல்லா இருக்காங்க, போகலாம்னு நாந்தான் சொன்னேன்."

அத்தான் கீபோர்டைத் தள்ளி வைத்தார்.

"எங்க ஆளுகன்னு சொல்லிப் போட்டுட்டா, அங்க உள்ளவங்களுக்கு யாரு இருக்கான்னு ஒரு நினைப்பு" என்றார். "போடாம வந்தது சரியான்னு அப்புறம் ஒரு நினைப்பு."

அக்காளின் முகம் சிவந்துவிட்டது. "ஆறு வருசமா இந்தக் கதைய நான் ஊரு முழுக்கச் சொல்லுதேன். பக்கத்துல உக்காந்து நீங்களும் சிரிச்சிட்டுல்லா இருந்திய?"

"லீவுல வந்த முத நாளே நீ சொல்லிச் சிரிச்ச. அப்பவே சொல்லியிருக்கணும். அன்னைக்கு விட்டுட்டேன். அப்புறம் வாய் வரல."

அக்காள் தூக்குச்சட்டியைத் திறக்காமலே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். நாங்கள் இருவரும் அன்று சாப்பிடவில்லை. அத்தான் ராத்திரிக்குக்கூடத் தங்காமல் சாயங்கால பஸ்ஸிலேயே விக்கிரமசிங்கபுரம் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அக்காள் அவர் பெயரை எடுக்கவில்லை. மாவாட்டினாள், மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தாள், வழக்கம்போல் வாரத்தின் நடுவில் அவருக்கு எழுதும் கடிதத்தை மட்டும் எழுதவில்லை. நான் ஒருமுறை, "அக்கா, அவரு செஞ்சது தப்புன்னா நினைக்க?" என்று கேட்டேன்.

"தப்புன்னு யாரு சொன்னா? நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். எங்கிட்ட ஏன் சொல்லலங்கதுதான்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நான் சென்டர் கதவைத் திறக்கும்போது அக்காள் என் பின்னாலேயே படியேறி வந்தாள். சனிக்கிழமை வீட்டுக்கு வராத அத்தான், காலை பஸ்ஸில் நேரே வந்து ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தார். அக்காள் அவரைப் பார்க்காமல் நேரே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீங்க எங்கன நின்னிய? காட்டுங்க."

பறக்கிறவரின் கண் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஒரு கோப்பில் உள்ள மூன்று எண்களை மாற்றி நகர்த்தலாம். அத்தான் சொல்லச் சொல்ல நான் எண்களை மாற்றினேன். இன்னும் பின்னால், இன்னும் இடப்பக்கம், கொஞ்சம் கீழே, மண்டிபோட்டு உட்கார்ந்திருந்த உயரம். அப்படி வைத்ததும் திரையின் ஓரத்தில் கதவு விளிம்பு வந்தது. கீழே செம்மண் தண்ணீர், அதன் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சின்னச் சதுரம்.

அக்காள் வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதாவா தெரிஞ்சோம்?"

"இதை விடக் கொஞ்சம் பெரிசு. வட்டம் போடையில கீழ இறங்கினோம்."

"அப்ப நாங்க அதுல இருக்கோம்னு தெரியுமா?"

"உன்னையப் பாத்தேன்."

"அவ்வளவு கூட்டத்துல என்னைய எப்படித் தெரியும்?"

"எல்லாரும் கை ஆட்டுனாவ. நீ மட்டும் ஆட்டல. பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்துட்டு நின்ன. நீ நிக்கத எனக்குத் தெரியாதா?"

அக்காள் அவர் பக்கம் திரும்பினாள். அவர் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சு ஒன்றை எடுத்துக் கீழே போட்டாள். ஆலைக்காரர்கள் சட்டையில் எப்போதும் பஞ்சு இருக்கும். அதை எடுக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. பிறகு என்னைப் பார்த்து, "இதுல எப்படி இறங்கணும், சொல்லு" என்றாள். நான் சொன்னேன். மூன்று முறை வாழைத் தோட்டத்தில் மோதினாள். நாலாம் முறை பள்ளிக்கூடத்து மாடியில் ஒரு பக்கமாகச் சாய்த்து ஹெலிகாப்டரை இறக்கிவிட்டாள். நிஜத்தில் அந்தக் கனத்தை அந்த மாடி தாங்காது என்று அத்தான் சொன்னார். சும்மா இருங்க என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் வெள்ளக் கதையைச் சொல்வதை நிறுத்தவில்லை. களவாணிப்பய என்ற இடத்தில் அத்தான் பக்கம் கையைக் காட்டுவாள். சிரிப்பு முன்பைவிட அதிகமாக வந்தது. அத்தான் தலையைக் குனிந்துகொண்டு இலையில் இருப்பதைச் சாப்பிடுவார்.

ஜங்ஷனில் முதல் பிரௌசிங் சென்டர் வந்தபோது, ஹெலிகாப்டரை மூன்று ஃபிளாப்பியில் பிரித்து எடுத்துக்கொண்டு போய், சிமுலேட்டர் பிரியர்கள் மாடல்களைப் பகிர்ந்துகொள்ளும் தளம் ஒன்றில் ஏற்றினோம். ஏறி முடிப்பதற்குள் இரண்டு முறை கரண்ட் போனது. சில வாரம் கழித்துத் தூர தேசத்திலிருந்து ஓர் இ-மெயில் வந்திருந்தது. அதே வகை ஹெலிகாப்டரை ஓட்டியவராம். பல மாடல்களைப் பார்த்திருப்பதாகவும், அந்தக் குட்டி விசிறியை யாரும் வைத்ததில்லை என்றும் எழுதியிருந்தார். நான் தமிழில் படித்துச் சொன்னதும் அத்தான் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். அந்தத் தாள் நெடுநாள் அவருடைய விக்கிரமசிங்கபுரத்து அறையில் நாட்காட்டிக்குக் கீழே ஒட்டப்பட்டிருந்தது.

அடுத்து வந்த சிமுலேட்டர் எங்கள் கோப்பைத் திறக்கவில்லை. நானும் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டேன். ஃபிளாப்பிகளில் பூஞ்சை பிடித்தது. அந்த மாடி அறையில் இப்போது போன் பழுது பார்க்கும் கடை இருக்கிறது, செருப்போடு போகலாம். முக்கோணங்களை ஒட்டி ஒட்டி நான் கற்ற வேலைதான் பிறகு எனக்குச் சோறு போட்டது. எத்தனையோ பெரிய இடங்களில் இதைவிட நூறு மடங்கு துல்லியமான இயந்திரங்களைத் திரையில் கட்டியிருக்கிறேன். ஒன்றின் நிறத்துக்காகவும் துணிக்கடை ஏறியதில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தானிடம் அந்த ஹெலிகாப்டரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். இப்போது இரண்டு காதும் மந்தம். பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

"பின்கதவுக் கீல் இருக்குல்லா மாப்ளே" என்றார். "அதை நான் ரெண்டு விரக்கடை மேல சொல்லிட்டேன். நீ முடிச்சு ஏத்துன பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. உன்னைய மறுபடி சிரமப்படுத்த வேண்டாம்னு விட்டுட்டேன்."